ஏழாவது பாட்டு

ஷ்யாமளா பீரோவின் மேல்தட்டில் புது வேஷ்டியைத் துழாவிக்கொண்டிருந்தபோது, காரியம் பண்ணிவைக்க வந்த வாத்தியார் அறை வாசலில் வந்து நின்று மூன்றாவது தடவையாக அதையே கேட்டார்.

"மாமி, சுமார்னு சொன்னா எனக்குப் போறாது. இன்னிக்கு ஏழு இருபத்திரண்டு வரைக்கும் துவாதசி, அதுக்கப்புறம் திரயோதசி. வருஷா வருஷம் பிள்ளை திவசம் பண்ண வேண்டியது எந்தத் திதியிலன்னு இப்பவே தீர்மானம் ஆகணும்."

"டாக்டர் எழுதியிருக்காரே."

"எட்டு நாப்பதுன்னு எழுதியிருக்கார். அது அவர் வந்து பார்த்த நேரம்தானே."

அது ஷ்யாமளாவுக்கும் தெரியும். அவளே எட்டு பத்துக்குத்தான் பார்த்தாள். அப்போதே கை சில்லிட்டிருந்தது. அதற்கு முன்னால் எப்போது உயிர் போயிற்று என்றால் அவளுக்கு எப்படித் தெரியும்? யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வேஷ்டியை அவர் கையில் கொடுத்தாள். நாலு மணிக்கு மயான வண்டி வந்துவிடும் என்று நினைவுபடுத்திவிட்டு அவர் போனார். யோசிப்பதற்கு அவளிடம் ஒரு மணி நேரம் இருந்தது. யோசிக்கத்தான் தெம்பில்லை. காலையிலிருந்து செம்பூரில் இருக்கிற அத்தனை பாலக்காட்டுக் குடும்பங்களும் அந்த இரண்டாவது மாடிக்கு ஏறி இறங்கியாயிற்று. ஒவ்வொருத்தரிடமும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி, நடந்ததே யாரோ சொல்லிக் கேட்டதுபோல ஆகிவிட்டிருந்தது.

கூடத்தில் மகாதேவன் கிடந்தார். அறுபத்தாறு வயது. இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் கிளார்க், அப்புறம் ஆறு வருஷம் பென்ஷன்காரர். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தங்கை அம்மு, வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணா காலையில் குளித்துவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சகஸ்ரநாமம் கேட்டபடியே கண்ணை மூடிவிட்டாராம். இப்படியொரு சாவு யாருக்குக் கிடைக்கும் என்று வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஷ்யாமளா திருத்தவில்லை. அவர் காதில் கடைசியாக ஓடியது நவி மும்பைப் பெண் ஒருத்தி கிடாரோடு பாடி வெளியிட்ட முதல் ஆல்பம் என்று சொன்னால், அதைப் புரியவைக்க இன்னொரு நாள் வேண்டும்.

எல்லாம் மகன் நகுல் பண்ணின வேலை. அவன் மும்பையில் இருந்தபோது அப்பாவை ஒரு நாள் லோயர் பரேலில் ஏதோ கச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனான். பிறகு அவன் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான், அப்பா மட்டும் போய்க்கொண்டே இருந்தார். இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். அதில் இவர் ஒருத்தர்தான் நரைத்த தலை. வெள்ளிக்கிழமைதோறும் புது ஆல்பங்கள் வரும். ஒன்றை எடுத்துக்கொண்டு முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை நிறுத்தாமல் கேட்க வேண்டும், அடுத்தவன் அபிப்பிராயத்தைப் படிக்கும் முன்னால் தன்னுடையதைப் போட வேண்டும், பத்துக்கு மார்க் கொடுக்க வேண்டும். இதுதான் சட்டம். ஆபீசில் ஒரு சட்டத்தையும் மதிக்காத மனுஷர் இதை மட்டும் வேதம்போலப் பிடித்துக்கொண்டார். நடுவில் கூப்பிட்டால் திரும்ப மாட்டார், தொட்டால் கோபம் வரும். ஒரு தடவை ஷ்யாமளா தோளைத் தட்டிவிட்டாள் என்று முழு ஆல்பத்தையும் மறுபடி முதலிலிருந்து கேட்டார். சாம்பார் ஆறிப்போயிற்று. அதற்கப்புறம் அவள் தொடுவதை விட்டுவிட்டாள்.

இன்று காலையும் தொடவில்லை.

ஏழு இருபதுக்குக் குழாயில் தண்ணீர் நிற்கும். நின்றது. குழாயை மூடிவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். கேஸ்காரன் எத்தனை மணிக்கு வருவான் என்று கேட்டாள். நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவர் அசையவில்லை. இன்னொரு தடவை கேட்டாள். பிறகு, இப்படி ஒரு மனுஷனோடு குடும்பம் நடத்தியதற்குச் சுவரோடு நடத்தியிருக்கலாம் என்று தொடங்கி, முப்பத்தெட்டு வருஷத்தையும் இரண்டு நிமிஷத்தில் கொட்டிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

அப்போது அவர் இருந்தாரா, போய்விட்டாரா? வாத்தியாருக்குத் திதிக்காகத் தெரிய வேண்டியது, அவளுக்கு இதற்காகத் தெரிய வேண்டியிருந்தது. இருந்திருந்தால், ஒரு தடவை தோளைத் தொட்டிருந்தால், முகத்தில் ஏதாவது தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரி பத்தே நிமிஷம். போய்விட்டிருந்தார் என்றால் அவள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, செத்தவரைத் திட்டிய பாவம் மட்டும்தான். அந்தப் பாவத்தைச் சுமந்துவிடலாம். ஏழு இருபதுக்கு முன்னாலேயே போயிருக்க வேண்டும் என்று காலையிலிருந்து மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள். கட்டின புருஷன் சற்று முன்னதாகவே செத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் பெண்டாட்டி இந்த ஊரில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று அவளுக்கே தோன்றியது.

மூன்றரைக்கு இரண்டு பேர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். நகுல் குழுவில் செய்தி போட்டிருந்தான். இருவரும் மும்பையிலேயே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள். மானசாவுக்கு வீடு காட்கோபரில், விளம்பரக் கம்பெனியில் வேலை. ஹமீது மான்குர்த்தில் இருப்பவன், கச்சேரிகளுக்கு சவுண்ட் பார்ப்பவன். ஒரு கச்சேரி முடிந்ததும் மகாதேவன் நேரே அவனிடம் போய், பாடினது ஒரு வார்த்தை காதில் விழவில்லை, உனக்கு நாலு மார்க் என்று சொல்லியிருக்கிறார். சண்டை ரயிலில் குர்லா வரைக்கும் தொடர்ந்து சிநேகிதமாக முடிந்தது. இதெல்லாம் அவர் சாப்பிடும்போது சொன்னவை. ஷ்யாமளா பாதிதான் கேட்டிருக்கிறாள்.

இருவரும் விழுந்து கும்பிட்டுவிட்டு எங்கே நிற்பதென்று தெரியாமல் அடுக்களைப் பக்கம் ஒதுங்கினார்கள். மானசாவின் கண் வீங்கியிருந்தது.

"மார்னிங் அங்கிள் சிக்ஸ் ஃபார்ட்டி டூக்கு ஆரம்பிச்சிட்டேன்னு மெசேஜ் போட்டார் ஆன்ட்டி. பத்து மணி வரைக்கும் மார்க்கே வரல. பிடிக்கல போல, கோபமா எழுதிட்டிருக்கார்னு நெனச்சோம்."

ஷ்யாமளா அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஆரம்பித்த நேரம் தெரிந்தால் எதுவரை கேட்டார் என்று தெரியுமா என்று கேட்டாள். நோட்டு இருந்தால் தெரியும் என்றாள் மானசா. அங்கிளுக்கென்று ஒரு முறை உண்டு. பாட்டு தொடங்கும்போது எண்ணைப் போடுவார், பாட்டு முடிந்த பிறகுதான் வரியை எழுதுவார். பாதியில் எழுதுகிறவர்களைப் பாதியில் எழுந்து போகிறவர்கள் என்று கேலி பண்ணுவார்.

நோட்டு நாற்காலிக்கு அடியில் விழுந்திருந்தது. காலையில் ஷ்யாமளாதான் எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள், திறக்கவில்லை. இப்போது எடுத்துக் கொடுத்தாள். மானசா பக்கத்தைப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"தமிழ்ல இருக்கு. எனக்குப் படிக்க வராது ஆன்ட்டி. ஹமீதுக்கும் நஹி. குரூப்ல இங்கிலீஷ்லதான் போடுவார்."

ஆகவே அடுக்களை மேடையில் சாய்ந்துகொண்டு ஷ்யாமளாதான் படித்தாள். மானசா சத்தம் வராமல் போனில் ஆல்பத்தைத் திறந்து ஒவ்வொரு பாட்டின் நீளத்தையும் கூட்டிக்கொண்டே வந்தாள். அவருடைய கையெழுத்து இன்ஷூரன்ஸ் லெட்ஜர் மாதிரி நேராக இருந்தது. முதல் பாட்டு: கிடார் பேசுகிறது, பெண் இன்னும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு: திறந்தாள், சந்தோஷம். மூன்று: டிரம்ஸ் முன்னால் வந்து நிற்கிறது, கல்யாண போட்டோவில் சமையல்காரர் நிற்பதுபோல. ஹமீது சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டான். நான்கு: இழுவை. ஐந்து: இதற்காகத்தான் எழுந்தது. ஆறு: ஐந்து பாடி முடித்த களைப்பு, பாவம்.

"சிக்ஸ் முடியறது ஏழு பதினெட்டு" என்றாள் மானசா. "அவ்ளோதானா ஆன்ட்டி?"

ஷ்யாமளாவின் கண் அதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டிருந்தது. ஆறோடு நின்றால் ஏழு பதினெட்டு. ஏழு பதினெட்டு என்றால் துவாதசி. துவாதசியில் போனால் புண்ணியம் என்கிற அம்முவுக்குச் சந்தோஷம், வாத்தியாருக்கு வேலை முடிந்தது, அவள் கேட்டதும் கிடைத்தது. எதிரே நிற்கிற இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியாது. மகனுக்கும் தட்டுத்தடுமாறித்தான் வரும். நோட்டை மூடி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தால் அதோடு முடிந்தது. ஒரு நிமிஷம் மூடத்தான் பார்த்தாள். ஆனால் அது அவருடைய எழுத்து. மனுஷர் கடைசியாக எழுதியதை யாரும் படிக்கவில்லை என்று ஆக்குவதற்கு அவளுக்குக் கை வரவில்லை.

"இன்னும் இருக்கு" என்றாள். "ஏழு. நன்றாக ஆரம்பம். நடுவில் வீட்டுச் சத்தம். இன்னொரு முறை கேட்கணும்."

அதற்குக் கீழே எட்டு என்ற எண் மட்டும் இருந்தது, வரி இல்லை. மானசா கணக்கைச் சொன்னாள். ஏழாவது பாட்டு ஏழு நிமிஷம், ஏழு இருபத்தைந்துக்கு முடிகிறது. எட்டாவது மூன்று நிமிஷப் பாட்டு. சொல்லிவிட்டு அவள் ஷ்யாமளாவின் முகத்தைப் பார்த்தாள், என்ன தப்பாகச் சொன்னோம் என்று அவளுக்குப் புரியவில்லை.

"காதை மூடிண்டுன்னா இருந்தார்? அவருக்கு எப்படிக் கேட்டது?"

ஹமீது தயங்கினான். "அது காதை முழுசா அடைக்காது ஆன்ட்டி. வெளிச்சத்தம் உள்ள வரும். நாந்தான் மூணு வருசம் முன்ன வாங்கிக் குடுத்தேன். நல்லா அடைக்கிறதுதான் வாங்கச் சொன்னேன், வேண்டாம்னுட்டார். வீட்ல கூப்பிட்டாக் கேக்கணும், அந்த மாதிரி ஒண்ணு பாத்துக் குடுலேன்னு என்னைய மாதிரியே பேசிக் காட்டினார்."

"அப்போ மூணு வருஷமா நான் சொன்னதெல்லாம் கேட்டுண்டேதான் இருந்தாரா?"

ஹமீது தலையாட்டினான்.

ஷ்யாமளாவுக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. கேஸ்காரன் எப்போது வருவான் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? உடம்பு என்னவோ போலிருக்கிறது என்று சொல்லியிருந்தால்? அவர் உயிரோடு உட்கார்ந்து, அவள் பேசியதையெல்லாம் கேட்டு, அவள் போகும்வரை பொறுத்திருந்து, அதையும் ஒரு குறையாக எழுதிவைத்துவிட்டு எட்டாவது பாட்டுக்குப் போயிருக்கிறார். அவள் நின்ற இடத்திலிருந்து அவர் தோள் ஒரு முழம் தூரம்கூட இல்லை. இனி எத்தனை வருஷம் இருந்தாலும் அந்த ஒரு முழம் தன்னோடு வரும் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

கூடத்துக்குப் போனாள். மத்தியானம் விமானத்தில் வந்து சேர்ந்த நகுல் ஈர வேஷ்டியோடு தர்ப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"திரயோதசி" என்றாள் வாத்தியாரிடம்.

அம்மு தலையைத் தூக்கினாள். "துவாதசியா இருந்தா அண்ணாவுக்கு எத்தனை நல்லது மன்னி. நாலு நிமிஷம் முன்னப் பின்ன இருந்தா யாருக்குத் தெரியப் போறது?"

"நிச்சயமா மாமி?" என்றார் வாத்தியார்.

"ஏழு இருபதுக்கு நான் அவரைத் திட்டினேன். அவர் கேட்டிருக்கார். அதுக்கப்புறமும் அஞ்சு நிமிஷம் இருந்திருக்கார். திரயோதசியே எழுதிக்கோங்கோ."

வாத்தியார் எழுதிக்கொண்டார். நகுல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான், எழுந்திருக்க முடியாததால் உட்கார்ந்தபடியே இருந்தான். ஷ்யாமளா திரும்பி அடுக்களைக்கு வந்தாள். அங்கே மானசா நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, இது குரூப்ல போடலாமா? இன்னும் யாருமே மார்க் போடல. அங்கிளோடது வந்தப்புறம் போடலாம்னு எல்லாரும் வெயிட் பண்றாங்க."

ஷ்யாமளா நோட்டை வாங்கி முதலிலிருந்து மறுபடி படித்தாள். இந்தத் தடவை நிறுத்தி நிறுத்தி, பள்ளிக்கூடத்தில் டிக்டேஷன் கொடுப்பதுபோல. சமையல்காரரை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று மானசாவும் ஹமீதும் சற்று நேரம் தாழ்ந்த குரலில் வாதாடினார்கள். ஐந்தாவதை அப்படியே போட்டார்கள். ஏழாவதில் மானசாவின் விரல் நின்றது.

"இதையும் போடணுமா ஆன்ட்டி?"

"போடு."

"வீட்டுச் சத்தம்னா... ஹவுஸ் நாய்ஸ்?"

"ஒய்ஃப் பேசினாள்னு போடு."

மானசா போட்டாள். எட்டு என்று எண்ணை அடித்து, பக்கத்தில் எதுவும் இல்லாமல் விட்டாள். மார்க் போடுகிற இடத்தையும் அப்படியே விட்டு அனுப்பினாள். போன் மேடைமேல் மூன்று பேருக்கும் நடுவில் இருந்தது. யாரோ பதில் எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது, பிறகு காட்டவில்லை, பிறகு வேறு யாரோ எழுதத் தொடங்கினார்கள். கீழே வண்டியை ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது.