பக்கத்து வீட்டுப் பிள்ளை

என் மகனின் புதைகுழியடியில் ஒரு சீனக்காரர் குந்தியிருந்து கத்தரிக்கோலால் புல் வெட்டிக்கொண்டிருந்தார். சின்னக் கல்லின் மேல் மூன்று பால் ரொபி மிட்டாய். பக்கத்துக் கல்லறையில் முழுசாக அவித்த கோழி, தோடம்பழங்கள், புகையும் ஊதுபத்தி, ஒரு பிஸ்கட் பேணிக்குள் எரிந்த கடதாசிச் சாம்பல். எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. செய்வினை! வேறென்ன? பச்சைப் பிள்ளையின் குழி என்றால் சூனியக்காரர் தேடி வருவார்கள் என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பத்தே நாள் இருந்த பிள்ளை. பிறந்த குழந்தையை எங்கள் சமயத்தில் எரிப்பதில்லை, புதைப்பார்கள். அந்தியேட்டிச் சடங்கும் இல்லை, திவசமும் இல்லை. கிரியை இல்லாத பிள்ளைக்கு நினைப்பும் தேவையில்லை என்று என் கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா முடிவு கட்டிவிட்டார் போல. இருபத்திரண்டு வருடத்தில் அவனைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. ஒவ்வொரு நவம்பரும் வால்தம்ஸ்டோ வீட்டிலிருந்து என்னைக் கூட்டிவருவார். காரை மயான வாசலில் நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே இருப்பார். எனக்குக் காசு, நகை ஒன்றும் வேண்டாம். சாவதற்குள் ஒருநாள் அவர் வாயால் அந்தப் பிள்ளையைச் சொல்லிக் கேட்கவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

போன நவம்பரில் எனக்கு முழங்காலில் ஒப்பரேசன். அதனால்தான் இந்தமுறை ஏப்ரலில் வந்தோம், அதனால்தான் இந்த மனிதர் பிடிபட்டார்.

கத்தினேன். கோபம் வந்தால் என் ஆங்கிலம் நன்றாகவே ஓடும். அந்த மனிதர் எழும்பி, கையைத் துடைத்து, தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். தன் பெயர் லாவ் என்றார். இன்று சிங் மிங், செத்தவர்களைப் பார்க்க வசந்தத்தில் வரும் நாள், பக்கத்தில் படுத்திருப்பது தன் தகப்பன் என்றார். புல் பிடுங்கி, கல்லைக் கழுவி, தேநீர் ஊற்றி, சாப்பாடு வைப்பார்களாம்; ஒக்டோபரிலும் ஒருமுறை இப்படி வருவார்களாம். தகப்பனின் வாசலைக் கூட்டிவிட்டு அயல்வீட்டு வாசலைக் குப்பையாக விடுவது மரியாதை இல்லையாம். பதினொரு வருடமாக இந்தப் 'பக்கத்து வீட்டுப் பிள்ளை'யின் வாசலையும் அவரேதான் கூட்டுகிறார்.

நவம்பரில் வரும்போதெல்லாம் கல் பளிச்சென்று இருக்கும். கவுன்சில்காரர் செய்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். கவுன்சிலாவது கல் கழுவுவதாவது! பெற்றவள் நான் வருடத்தில் பத்து நிமிடம் அழுதுவிட்டுப் போக, இன்றுவரை பெயர்கூடத் தெரியாத ஒருவர் முழங்காலில் நின்று என் பிள்ளைக்குப் புல் வெட்டியிருக்கிறார். அந்த மனிதரைக் கும்பிடலாம் போல இருந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? பத்து நாள் பிள்ளைக்கு ரொபி எதற்கு என்று கேட்டேன்.

"இத்தனை வருடத்தில் பல் முளைத்திருக்கும்தானே" என்றார் லாவ், மெல்லிய ஆங்கிலத்தில்.

அப்போதுதான் நான் உடைந்து அழுதேன்.

என் சத்தம் காருக்குக் கேட்டிருக்கவேண்டும். யாரோ என்னை அடித்துவிட்டார்கள் என்று நினைத்து என் மனிசன் ஓடிவந்தார், முதல் தடவையாக வாசல் தாண்டி. மூச்சு வாங்க நின்றவரிடம் நடந்ததைச் சொன்னேன். கல்லைப் பார்த்தபடி நின்றார். பிள்ளைக்குப் பெயர் வைக்க முதலே போய்விட்டதால் அதில் இருப்பது 'பேபி ஸ்ரீஸ்கந்தராஜா' என்று மட்டும்தான். தன் பெயரை அவர் அங்கே அன்றுதான் வாசித்தார்.

வைத்த சாப்பாட்டை அங்கேயே இருந்து, படுத்திருப்பவர்களோடு சேர்ந்து சாப்பிடுவதுதான் தங்கள் வழக்கம் என்று சொல்லி, லாவ் ஒரு தோடம்பழத்தை உரித்து இவரிடம் நீட்டினார். எனக்குப் பகீரென்றது. செத்தவீட்டுக்குப் போய்வந்தால் முழுகாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காத மனிசன். முகத்திலடித்தமாதிரி ஏதும் சொல்லிவிடப் போகிறாரோ என்று தவித்தேன்.

இவர் பழத்தை இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு சுளையைப் பிய்த்து என்னிடம் தந்தார்.

"முதல் அவனுக்கு வையும்" என்றார். "பிறகு நாங்கள் சாப்பிடுவம்."