ஒன்பது தலைகள்

பள்ளிக்கூடமே மூடிக்கிடந்தால் புத்தகப் பை எவன் வாங்குவான்? நோய் வந்து ஊர் அடைந்துகிடந்த அந்த வருஷம் என் பட்டறைக்கு ஒரு ஆர்டர்கூட வரவில்லை. என்ன செய்வதென்று கையைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் அரசு வளர்ச்சி வங்கியின் கடன் கிடைத்தது. வட்டி சொற்பம், தவணை ஒரு வருஷம் கழித்து. நிபந்தனை ஒன்றே ஒன்று: படிவத்தில் எழுதிக் கொடுத்த ஒன்பது பேரும் அந்த வருஷம் முழுக்க வேலையில் இருக்க வேண்டும். தானாகவே ஒருவர் போனாலும் மொத்தக் கடனையும் உடனே கட்ட வேண்டும்.

கும்பிட்டுக் கையெழுத்துப் போட்டேன். தையல்காரர்கள் வந்தார்கள், மிஷினைத் துடைத்தார்கள், அரட்டை அடித்தார்கள், சம்பளம் வாங்கினார்கள். "வேலை இல்லாதவனுக்குச் சம்பளம், உனக்குக் கடனா? நல்ல தர்மம் மச்சான்" என்று சிரித்தான் என் மனைவியின் தம்பி. வங்கிக்காரர் மாதம் ஒருமுறை வந்து தலையை எண்ணுவார். பையை எண்ணியதே இல்லை.

மூன்றாம் மாதம், துணி வெட்டுகிற பெண் வந்து நின்றாள். பதினோரு வருஷமாக என்னிடம் இருப்பவள். கணவன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள்.

"அண்ணே, ஆஸ்பத்திரி உடுப்பு தைக்கிற கம்பெனியில கூப்பிடறாங்க. ஒன்றரை மடங்கு சம்பளம். திங்கக்கிழமை சேரணும்."

எழுந்தே நின்றுவிட்டேன்.

"நீ போனா எட்டாயிடும்மா. பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். மத்தவங்க எல்லாம் தெருவுல நிப்பாங்க. என்னை நம்பு, உன்னைக் கைவிட மாட்டேன்."

வெட்கத்தை விட்டு அழவும் செய்தேன். மேஜையில் வெட்ட விரித்திருந்த துணியைத் தடவிச் சுருக்கம் எடுத்தாள்.

"சரிண்ணே."

வருஷம் முடிந்தது. ஒன்பது வேலைகளைக் காப்பாற்றினேன் என்று வங்கியிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. மானங்கெட்டவன், அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினேன். அடுத்த மாதம் தவணை தொடங்கியது. பள்ளிகள் திறந்தும் ஆர்டர் பாதிகூட வரவில்லை. ஒருவரை நிறுத்தியே ஆக வேண்டும். எப்படி யோசித்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றேன். எனக்குத் தைக்கத் தெரியாது, வெட்டத் தெரியும்.

அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அந்தக் கம்பெனியில கேட்டுப் பாரேன்மா. வேணும்னா நானே வந்து பேசறேன்."

அவள் கத்தரியைத் துடைத்து மேஜையில் வைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அங்க இப்ப ஆளைக் குறைக்கறாங்கண்ணே," என்றாள். "போன மாசமே போய்க் கேட்டுட்டு வந்துட்டேன்."