ஹாப்டன் வீட்டுக் கிழக்கு மூலை

இங்கிலாந்தில் ஹியர்ஃபோர்டு பக்கத்தில் ஓக் மரச்சட்டத்தில் கட்டிய பழைய வீடுகளைச் செப்பனிடுவதுதான் எனக்கும் என் மனைவியின் தம்பி கெத்தினுக்கும் பிழைப்பு. அந்த வீடுகளில் நேரான தரையே கிடையாது. ஆனால் லெட்டிஸ் ஹாப்டனின் மாடிப் படுக்கையறை கிழக்கு மூலையை நோக்கி ஒரேயடியாகச் சரிந்து கிடந்தது.

"படுத்தா, விடியறப்ப செவுத்தோட ஒட்டிக் கெடக்கறேன்," என்றார் லெட்டிஸ். பட்டாளத்தில் நர்ஸாக இருந்தவர்; தனிக்கட்டை. "அப்பா இருந்தவரைக்கும் தொடவே விடல. இப்ப நிமித்திக் குடுங்க."

மூலைத்தூணின் அடி உளுத்திருக்கும் என்று நினைத்து, கீழே களிமண் பூச்சைப் பெயர்த்தோம். மரம் இரும்பு மாதிரி இருந்தது. அடியில் நாலு விரற்கடை அளவுக்கு யாரோ அறுத்து எடுத்திருந்தார்கள். பழைய அறுப்பு, ரம்பத் தடம் கறுத்துப்போயிருந்தது.

"வேணும்னே அறுத்திருக்கான் மாமா," என்று சிரித்தான் கெத்தின். "குடிச்சுட்டு வேலைக்கு வந்திருப்பான்."

ஜாக்கி வைத்துத் தூணைத் தூக்கி, அடியில் ஓக் கட்டையைச் சொருகினோம். வீடு முழுக்க முனகியது. மாடியில் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது; தரை சமமாகிவிட்டது.

கெத்தின் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பையிலிருந்த ஆப்பிளை எடுத்து வைத்தான். "இப்ப உருளட்டும், பாப்போம்."

உருண்டது. அவசரமில்லாமல் கிழக்கு மூலைக்குப் போய்ச் சுவரைத் தொட்டு நின்றது. இன்னொன்றை எதிர்ப்பக்கமாகத் தள்ளிவிட்டான். பாதி தூரம் போய்த் திரும்பி, அவனைக் கடந்து, அதே மூலைக்குப் போனது.

"பலகை வழவழன்னு இருக்குடா," என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை.

அவன் முகம் வெளுத்திருந்தது. இரு கைகளையும் தரையில் ஊன்றிக்கொண்டான். "மாமா, என்னப் புடி. யாரோ இடுப்பப் புடிச்சு மெதுவா இழுக்கற மாதிரி இருக்கு."

அக்குளில் கைகொடுத்து வாசல்வரை இழுத்தேன். ஒல்லிப் பையன்தான், இரண்டு ஆள் கனம் கனத்தான்.

வாசலில் லெட்டிஸ் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ.

"கஞ்சத்தனத்துலதான் அப்பா வேணாங்கறாருன்னு நெனச்சேன்," என்றார் மெல்ல. "இத மறைக்கத்தான் தூண அறுத்திருக்காங்க. மறுபடி எறக்கிடுங்க."

"எறக்கினா மட்டும் அது போயிடுமா மேடம்?"

"போகாது. தரை சாஞ்சிருக்கு, அதான் உருளுதுன்னு சொல்லிக்கலாம்ல?"

கட்டையை உருவினோம். கெத்தின் அதற்குமேல் மாடி ஏறவில்லை. கருவிகளை நானே போய், கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எட்டி எடுத்து வந்தேன்.

லெட்டிஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறார். படுக்கையைக் கீழே மாற்றிக்கொண்டாராம். விருந்தாளிகள் மாடித் தரையின் கோணலைக் கேலி செய்தால், அவரும் சேர்ந்து சிரிக்கிறாராம்.