தாழி அத்தைக்கு நேரில் சொல்லவில்லை

வேம்படிக்கோட்டை அருங்காட்சியகத்தில் கண்காட்சி நடத்துவதென்றால், உள்ளே இருக்கிற பொருள்களுக்கு முதலில் நேரில் போய் அழைப்புச் சொல்ல வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், குங்குமம், அதன்மேல் அழைப்பிதழ். முறையாக அழைக்காத பொருள் கண்காட்சியன்று இருக்காது, கிளம்பிப் போய்விடும். ஊரில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். அருங்காட்சியகத்துக்கு மட்டும் தனி வழக்கமா இருக்கப்போகிறது?

காப்பாட்சியர் செங்கமலத்துக்கு இது தெரியாததல்ல. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு கண்காட்சிக்கும் அவள்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போகிறாள். இந்த முறை 'நம்ம ஊரு, நம்ம மண்ணு' என்று பெரிய ஏற்பாடு. உள்ளூர் ஓவியர்களின் படங்கள், பிள்ளைகளுக்குக் களிமண் பொம்மை செய்யும் பயிற்சி, பெண்களுக்குக் கோலப்போட்டி. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பு. சென்னையிலிருந்து இயக்குநர் வருகிறார்.

புதன்கிழமையே அழைப்பை ஆரம்பித்தாள். ஜமீன்தாரின் எண்ணெய் ஓவியம், "கண்டிப்பா வந்துருதேன்" என்றது. ஆணியடித்து மாட்டிய நாள்முதல் அந்தச் சுவரை விட்டு அசைந்ததில்லை, இருந்தாலும் யோசித்துத்தான் சொன்னது. பழங்காசுகள் ஒரே பானையில் கூட்டுக் குடும்பமாக இருப்பதால், "எல்லாரும் வந்துருங்க" என்று ஒரு தடவை சொன்னால் போதும். பாடம் செய்த முதலை, பக்கத்தில் யாரை வைப்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே குங்குமம் எடுத்துக்கொண்டது.

கடைசி அறைக்கு வரும்போது அவளுக்குக் கால் கடுத்தது. தட்டில் ஒரு ஜோடி வெற்றிலைதான் மிச்சம். அந்த அறையில் இருப்பது இரண்டு பேர். ஒருபக்கம் நடுகல், எதிர்ப்பக்கம் முதுமக்கள் தாழி. அந்தக் காலத்தில் இறந்தவர்களை உட்கார வைத்துப் புதைத்த பெரிய மண்பானை அது. நடுகல்லை மாமா என்றும் தாழியை அத்தை என்றும் கூப்பிடுவது அங்கே பழக்கம். தாழி அந்த நேரம் சற்றுக் கண்ணயர்ந்திருந்தது. வெளியே கோலப்போட்டிப் பெண்கள் வேறு, புள்ளிக்கோலமா ரங்கோலியா என்று சண்டை போட்டுக்கொண்டு செங்கமலத்தைக் கூப்பிட்டார்கள். அவள் தட்டை நடுகல்லிடம் நீட்டிவிட்டு, சொல்லக்கூடாத அந்த ஒன்றைச் சொன்னாள்.

"அத்தைக்கும் நீங்களே சொல்லிருங்க மாமா. ஒரே ரூமுதான?"

இப்படிச் சொல்லியே எத்தனை குடும்பங்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காமல் கிடக்கின்றன என்று அவளுக்கே தெரியும். அவளுடைய கல்யாணத்துக்கு விருதுநகர் சித்தியை நேரில் போய் அழைக்காமல், பெரியப்பாவிடம் சொல்லி விட்டார்கள். சித்தி அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள், இன்னும் பேசவில்லை. அப்படிப்பட்டவள் இதைச் செய்தாள் என்றால் என்னத்தைச் சொல்ல.

சனிக்கிழமை காலை அறையைத் திறந்தால் தாழி இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வட்டமாகத் தூசி மட்டும் இருந்தது. நடுகல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அத்தைகிட்டச் சொன்னீங்களா மாமா?"

"சொன்னேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"ஞாயித்துக்கெழம இங்க என்னமோ விசேசமாம், செங்கமலம் ஒங்களையும் வரச் சொன்னான்னு சொன்னேன்."

செங்கமலம் தலையில் கை வைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்தக் கல்லையும் குறை சொல்ல முடியாது. களவு போன மாடுகளை மீட்கப் போய்ச் செத்த வீரனின் கல் அது. பக்குவமாகப் பேசினார் என்பதற்காக அவருக்கு யாரும் கல் நடவில்லை.

விஷயம் சாதாரணமில்லை. ஒவ்வோர் அருங்காட்சியகத்துக்கும் ஒரு முக்கியப் பொருள் உண்டு. இங்கே அது தாழி. இயக்குநர் வந்து பார்க்கும்போது அது இல்லையென்றால், அது அருங்காட்சியகம் இல்லை, வெறும் கிடங்கு. துறையின் விதி அப்படி. கட்டடத்தை விதைநெல் மூட்டை அடுக்கக் கொடுத்துவிடுவார்கள். செங்கமலத்தைச் சென்னைக்கு மாற்றி, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் பழைய கோப்புகளுக்கு நடுவே உட்கார வைப்பார்கள். இந்த அறைகளை விட்டால் அவளுக்கு வேறு உலகம் கிடையாது.

கோபித்துக்கொண்டு போனவர்கள் எங்கே போவார்கள், பிறந்த வீட்டுக்குத்தான். தாழியைத் தோண்டி எடுத்த மேட்டில் இப்போது இசக்கியப்பனின் டயர் கடை இருக்கிறது. செங்கமலம் புதிதாக ஒரு தட்டு எடுத்து வைத்தாள். சமாதானம் பேசத் தனியாகப் போகக்கூடாது, பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும். நடுகல்லை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

டயர் கடையில் தாழி நிழலாகப் பார்த்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் டம்ளரில் காபி ஆறிக்கொண்டிருந்தது. இசக்கியப்பன் ஒரு டிராக்டர் டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய மச்சினன் கோமதிநாயகம், நீலக் கட்டம் போட்ட சட்டையில், அடுக்கிய டயர்களின்மேல் சாய்ந்திருந்தான்.

"வாங்க" என்றது தாழி. பொதுவாகச் சொன்னது. செங்கமலத்துக்கு முகம் கொடுக்கவில்லை. தாழிக்கு ஏது முகம் என்றாலும், கொடுக்காதது நன்றாகவே தெரிந்தது.

"அத்தை, தப்பு எம்மேலதான்" என்றாள் செங்கமலம்.

"மொதலைக்கு நேர்ல போயிச் சொன்னியாமே."

"சொன்னேன் அத்தை."

"மொதலைக்கு." தாழி காபி டம்ளரை ஓரமாகத் தள்ளியது. "நேத்து வந்தது அது. உள்ள பஞ்சு. எனக்குள்ள ஒரு ஆளே இருக்கு."

லோடு ஆட்டோவிலிருந்தபடியே நடுகல், "நாந்தான் சரியாச் சொல்லல போலுக்கு" என்றது.

"நீங்க சும்மா இருங்க" என்றது தாழி.

செங்கமலத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஒங்கள இந்த மண்ணுலேருந்து எடுத்ததே நான்தான் அத்தை. படிச்சு முடிச்ச புதுசு. பிரஷ்ஷ வெச்சு மண்ணத் தள்ளித் தள்ளி, ஒங்க விளிம்பு தெரிஞ்சப்போ எல்லாரையும் கூப்பிடாம ரொம்ப நேரம் நானே பாத்துட்டிருந்தேன். அந்த உரிமையில சொல்லிட்டேன்."

"உரிமை இருக்கவதான் நேர்ல வரணும்" என்றது தாழி.

சொன்ன விதத்தில் கோபம் பாதி இறங்கியிருந்தது. செங்கமலம் அதைப் பிடித்துக்கொண்டாள். முந்தானையைச் சரிசெய்து, கிழக்கே பார்த்து நின்று, இரண்டு கையாலும் தட்டை நீட்டி, "நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கண்காட்சி. நீங்க வந்து முன்ன நின்னு நடத்தித் தரணும் அத்தை" என்றாள். தாழி வெற்றிலையை எடுத்துக்கொண்டது. இசக்கியப்பன் பெருமூச்சு விட்டான்.

"ஆனா நாளைக்கு வர முடியாதே" என்றது தாழி. "இசக்கி மக வடிவுக்கு நாளைக்குப் பத்து மணிக்குக் காதுகுத்து. நான் வந்து எறங்கின ஒடனே இவன் பொண்டாட்டியோட வந்து, தட்டு வெச்சுச் சொன்னான். சரின்னுட்டேன்."

இதற்குமேல் யாரும் ஒன்றும் பேச முடியாது. நேரில் வந்து சொன்னதை ஒத்துக்கொண்ட பிறகு மாற்றுவது எந்த ஊரிலும் இல்லை. செங்கமலம் டயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விதைநெல் மூட்டைகள் ஜமீன்தார் மூக்குவரை அடுக்கப்பட்டு நிற்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

இசக்கியப்பன்தான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "ஒரே முகூர்த்தத்துல ரெண்டு விசேசம் வந்தா வீட்டுக்கு ஒருத்தராப் பிரிஞ்சு போறதுதான? அத்தை இங்க இருக்கட்டும். நம்ம வீட்டுலேருந்து ஒருத்தர் அங்க போயித் தலையக் காட்டட்டும்."

நியாயமான பேச்சு. எல்லாரும் கோமதிநாயகத்தைப் பார்த்தார்கள். அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"நான் தாய்மாமன்லா அத்தான்? எம் மடியில வெச்சுத்தான காது குத்தணும்?"

"மடிக்கு நான் இருக்கேன்" என்றது தாழி. "ஒம் மடிய விட அகலம்."

கோமதிநாயகத்துக்கு மனசே இல்லை. அந்தப் பிள்ளை பிறந்த அன்றிலிருந்து அவன் எதிர்பார்த்துக்கொண்டிருந்த நாள் அது. வளையத் தோடுகூட வாங்கி வைத்திருந்தான். ஆனாலும் குடும்பத்துக்கு ஒன்று என்றால் முடியாது என்று எப்படிச் சொல்வது? "எப்படி உக்காரணும்?" என்று மட்டும் கேட்டான்.

"முட்டிய மடக்கி" என்றது தாழி. "பேசக்கூடாது."

திரும்பும்போது இசக்கியப்பன் மனைவியைக் கூப்பிட்டு, தட்டு எடுத்து, செங்கமலத்துக்கும் நடுகல்லுக்கும் காதுகுத்து அழைப்பை முறையாகச் சொன்னான். மதியச் சாப்பாட்டுக்காவது வந்துவிட வேண்டும் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கே கோமதிநாயகம் வந்து கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டான். முன்னால், 'முதுமக்கள் தாழி. சுட்ட மண். இரும்புக் காலம். லேசான விரிசல்' என்ற அட்டை இருந்தது. பொம்மை செய்ய வந்த பிள்ளைகள் அவனைப் பார்த்து அதேபோல் களிமண்ணில் செய்தார்கள். நன்றாகவே வந்திருந்தன. கோலப்போட்டியில் ரங்கோலிக்காரர்கள் புள்ளிக்கோலக்காரர்களோடு பேசவில்லை. மற்றபடி எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

பத்து மணிக்கு இயக்குநரின் கார் வந்தது. டிரைவர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். பின்சீட்டில், இயக்குநரின் நாற்காலியில் எப்போதும் கிடக்கும் வெள்ளை டர்க்கி டவல் உட்கார்ந்திருந்தது.

"ஐயாவுக்குச் சொந்தத்துல ஒரு வளைகாப்பு" என்றார் டிரைவர். "அதே நேரம். அதான் இவங்கள அனுப்பி வெச்சாங்க."

செங்கமலம் டவலுக்குச் சந்தனம் கொடுத்து, பொன்னாடை போர்த்தினாள். டிரைவர் அதை முழங்கையில் தாங்கிக்கொண்டு அறை அறையாக வந்தார். ஜமீன்தார் முன்னால் டவல் சற்று நின்றது. முதலையைக் கவனிக்காமல் போனது, முதலைக்கு அதில் வருத்தம்தான். உள்ளூர் ஓவியங்களில், மழையில் நனையும் பேருந்து நிலையத்தை மட்டும் நெருங்கிப் பார்த்தது. பிறகு கடைசி அறைக்கு வந்து கண்ணாடிப் பெட்டிக்கு எதிரே நின்றது.

நின்றது நின்றதுதான். நகரவில்லை. போச்சு, கிடங்குதான் என்று செங்கமலம் நினைத்தாள். நடுகல் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

அந்த நேரம் டயர் கடையில் வடிவுக்குக் காது குத்துகிற நேரம். கோமதிநாயகம் அசையாமல், பேசாமல், முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தான். ஆனால் பிள்ளை வீரிட்டிருக்கும், மாமா என்று தேடியிருக்கும் என்று அவன் மனசு அங்கேயே கிடந்தது. இரண்டு கண்ணிலும் நீர் இறங்கியது. பொருள்கள் அழக்கூடாது என்று விதி ஒன்றும் இல்லை, இருந்தாலும் அவன் கூசிப்போனான்.

டவல் டிரைவரிடம் என்னவோ சொன்னது. அவர் கண்ணாடிக் கதவைத் திறக்கச் சொன்னார். டவல் உள்ளே போய்க் கோமதிநாயகத்தின் முகத்தைத் துடைத்துவிட்டு வெளியே வந்தது.

"திருப்தியாம்" என்றார் டிரைவர். "முக்கியப் பொருள் இவ்வளவு உசுரோட எந்த மியூசியத்துலயும் பாத்ததில்லையாம்."

செங்கமலம் சுவரில் சாய்ந்துகொண்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இனி யாரும் அவளை இங்கிருந்து கிளப்ப முடியாது.

மதியம் காதுகுத்துச் சாப்பாட்டுக்குப் போனாள். தாழியின் வாயில் பாதி உடம்பு உள்ளே இருக்கும்படி வடிவு உட்கார்ந்து, பாயசம் குடித்துக்கொண்டிருந்தாள். காதில் மாமன் வாங்கிய தோடு. அழவே இல்லையாம்.

"எம் பேர்ல வந்தவன் ஒழுங்கா இருந்தானா?" என்று கேட்டது தாழி.

"ஒங்களவிட நல்லா இருந்தான் அத்தை" என்றாள் செங்கமலம். தாழி சிரித்தது, உள்ளே இருந்த ஆளும் சேர்ந்து சிரித்தார்.

திங்கட்கிழமை தாழி திரும்பி வந்தது. ஆனால் முக்கியப் பொருள் கோமதிநாயகம்தான் என்று டவல் சொல்லிவிட்டதால் அவனைப் பெட்டியிலிருந்து எடுக்க முடியவில்லை. "கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றது தாழி. அவன் தள்ளி உட்கார்ந்தான். தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் வடிவு வந்து கண்ணாடி வழியாக இருவருக்கும் தோட்டை ஆட்டிக் காட்டிவிட்டுப் போவாள்.

தை மாதம் அடுத்த கண்காட்சி வந்தது. செங்கமலம் இந்த முறை ஒரு கட்டு வெற்றிலை வாங்கினாள். ஒவ்வொருவர் முன்னாலும் தனித்தனியாக நின்று சொன்னாள். பழங்காசுகளுக்குக்கூட ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதல் அழைப்பு தாழிக்கு, கடைசி கோமதிநாயகத்துக்கு. அவன் குங்குமம் எடுத்துக்கொண்டு, "டவலுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டான்.

"தபால்ல அனுப்பியிருக்கேன்."

"கண்ணத் தொடச்சுவிட்ட ஆளு" என்றான் கோமதிநாயகம். "தபால்ல அனுப்புனா நல்லாருக்காது."

மறுநாள் காலை செங்கமலம் சென்னைக்குப் போகிற பேருந்தில் ஏறினாள். மடியில் இரண்டு தட்டுகள் வைத்திருந்தாள். விருதுநகரில் இறங்கி, நடந்து, ஒரு பச்சைக் கதவைத் தட்டினாள். சித்திதான் திறந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. செங்கமலம் கிழக்கே பார்த்து நின்று தட்டை நீட்டி, தேதியும் நேரமும் சொல்லி, வந்து முன்ன நின்னு நடத்தித் தரணும் என்றாள்.

சித்தி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அந்த இன்னொரு தட்டு யாருக்கு?"

"மெட்ராஸ்ல ஒரு டவலுக்குச் சித்தி. டைரக்டர் நாக்காலியில இருக்கது."

"அழைக்கப் போறவ ஒத்தையாவா போவ?" என்று சொல்லிவிட்டு, சித்தி உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து செருப்பை மாட்டினாள்.