போனில் கோளாறு இல்லை

அலுவலகத்தில் எல்லோரும் அவனை முதுகுக்குப் பின்னால் மேதை என்று அழைத்தார்கள். அது அவன் காதுக்கும் எட்டியிருந்தது. கிண்டல் என்று அவனுக்கு உறைக்கவில்லை. உள்ளதைத்தானே சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டான்.

லிஃப்டுகளைப் பராமரிக்கும் கம்பெனி அது. கம்ப்யூட்டர்களும், இண்டர்நெட் வழியாக ஓடும் மேசை போன்களும் அவன் பொறுப்பு. அவற்றைத் தொடும் மனிதர்களை அவனுக்கு அறவே பிடிக்காது. பிளக்கைக் காலால் உதைத்துக் கழற்றிவிட்டு ஸ்கிரீன் செத்துப்போச்சு என்று அலறுகிற கும்பல். பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதி அந்த ஸ்கிரீன் மேலேயே ஒட்டி வைக்கிற கும்பல். இவர்களுக்கெல்லாம் மாசாமாசம் சம்பளம் வேறு கொடுக்கிறார்களே என்று அவனுக்கு வயிறு எரியும்.

ஒரு விடுமுறை நாளில் அவன் பழைய ஃபயர்வால் பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினான். இண்டர்நெட்டிலிருந்து அலுவலகத்துக்குள் வருவதையும் வெளியே போவதையும் காவல் காக்கிற பெட்டி. மாட்டி முடித்ததும் தன் மேசை போனிலிருந்து தன் மொபைலுக்கு ஒரு கால் போட்டான். அடித்தது. கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். அவனைப் பொறுத்தவரை சோதனை என்பது அவ்வளவுதான்.

அந்த வாரமே புகார் வந்தது. வந்த இடம்தான் அவனுக்குக் கசந்தது. சர்வீஸ் மேசையில் உட்கார்ந்திருந்தவள் அவன் மனைவியின் தங்கை.

கணவனை விட்டுவிட்டு ஒரு பெண் குழந்தையோடு வந்தவள் அவள். கொஞ்ச காலம் அண்ணன் வீட்டு ஹாலில் சோபாவில் படுத்துக் கிடந்தாள். குழந்தை பால் டம்ளரைக் கவிழ்த்தால்கூட அண்ணி முகம் ஒரு முழம் நீளும். மனைவி நச்சரித்ததால் மேதை வேண்டா வெறுப்பாக ஒரு வார்த்தை சொல்லி வைக்க, இந்த வேலை கிடைத்தது. அதை வைத்து ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தாள். தன் பூட்டு, தன் சாவி. வேலை போனால் திரும்ப அந்த சோபாதான்.

“மாமா, போன் சில நேரம் அடிக்குது, சில நேரம் அடிக்கவே மாட்டேங்குது. லிஃப்டுக்குள்ள மாட்டுனவங்க எவ்வளவு தடவ போட்டாலும் எடுக்கலேன்னு திட்டுறாங்க. நான் இங்கயேதான் உக்காந்திருக்கேன்.”

“ஆபீஸ்ல சார்னு கூப்பிடுன்னு எத்தன தடவ சொல்றது?”

“சரி... சார்.”

மேதை ரிசீவரை எடுத்தான். தன் மொபைலுக்குப் போட்டான். அடித்தது. உடனே மொபைலிலிருந்து அவள் மேசைக்குப் போட்டான். அதுவும் கணீரென்று அடித்தது.

“இது என்ன, காக்கா கத்துதா?”

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். விற்பனைப் பிரிவு ஆட்கள். காலையிலிருந்து மாலைவரை யாருக்காவது போன் போட்டுத் தொண்டை வறண்டு கிடப்பவர்கள். அவர்கள் போன்களில் ஒரு குறையும் இல்லை. அவள் போனை மட்டும் பேய் பிடிக்குமா என்ன? அவளுக்கு முகம் சிவந்துபோயிற்று.

அதற்கப்புறமும் அவள் கூப்பிட்டாள். அவன் போனான், தன் மொபைலுக்குப் போட்டான், அடித்தது, திட்டிவிட்டு வந்தான். சீட்டில் இருப்பதில்லை, இல்லாவிட்டால் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு அரட்டை அடிக்கிறாள் என்று முடிவு கட்டினான். உண்மையில் அந்தப் போனிலிருந்து அவள் யாரையும் கூப்பிட்டதே இல்லை. சர்வீஸ் லைன் எப்போதும் காலியாக இருக்க வேண்டும், அதிலிருந்து வெளியே போடக் கூடாது என்பது மேனேஜர் போட்ட சட்டம். மெக்கானிக்குகளுக்குத் தகவல் சொல்வதெல்லாம் கம்ப்யூட்டரில் மெசேஜ்தான். அவள் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினாள், பாவம்.

“அவ பொய் சொல்ற ஜாதியில்லைங்க. இன்னொரு தடவ நல்லாப் பாருங்களேன்” என்றாள் மனைவி வீட்டில்.

“உன் தங்கச்சிக்காகப் போன் வேற மாதிரி வேலை செய்யுமா? அதுக்கு நீயும் நானும் ஒண்ணுதான்.”

பிறகு ஒரு பல் டாக்டர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார். வெளியே வந்ததும் நேரே மேனேஜருக்குத்தான் போட்டார். உயிர் போகிற நேரத்தில் உங்கள் ஆபீஸில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை என்று காய்ச்சி எடுத்துவிட்டார். மேனேஜர் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். தானாக எதையும் முடிவு செய்யாத மனிதர் அவர். எவன் தலையிலாவது வைத்துத்தான் முடிப்பார்.

“எனக்கு ஒரே பதில் வேணும். போனா, ஆளா?”

அவள் மேதையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல்கூட இல்லை. மாமா ஒரு தடவையாவது ‘தெரியலை, பார்க்கணும்’ என்று சொல்வார் என்ற நம்பிக்கைதான் இருந்தது. தெரியலை என்ற சொல் அவன் வாயில் பிறந்ததிலிருந்து வந்ததில்லை. சொந்தக்காரி என்று விட்டுக்கொடுத்தான் என யாரும் பேசிவிடக் கூடாது என்ற பெருமையும் சேர்ந்துகொண்டது.

“போன்ல கோளாறு இல்ல சார்.”

அன்றே அவள் கணக்கு தீர்ந்தது.

அவள் இடத்துக்கு வந்த பெண்ணுக்கு அலுவலகம் ரேடியோ என்று பேர் வைத்தது. மேனேஜர் சட்டமெல்லாம் அவளிடம் செல்லுபடியாகவில்லை. அம்மாவுக்கு ஒரு போன், அக்காவுக்கு ஒரு போன், கட்டிக்கப் போகிறவனுக்குக் கணக்கில்லாத போன், எல்லாம் சர்வீஸ் லைனிலிருந்தே. இடையிடையே லிஃப்டில் மாட்டியவர்களின் அழைப்புகளும் ஒழுங்காக வந்து விழுந்தன. புகார் நின்றுபோயிற்று.

“பாத்தீங்களா, ஆள மாத்துனதும் போன் அடிக்குது!” மேனேஜர் பூரித்துப்போனார். மேதை அதற்கென்ன சந்தேகம் என்பதுபோல் தலையசைத்தான்.

கொஞ்ச நாளில் ரேடியோவின் அரட்டை மேனேஜர் காதுக்கு எட்டியது. கூப்பிட்டு நன்றாக டோஸ் விட்டார். அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனைத் தொடுவதையே விட்டாள். மறுநாளே பழைய புகார் வந்து நின்றது. எடுக்க ஆள் இல்லை.

இந்த முறை மேதைக்குக் குஷி. கையும் களவுமாகப் பிடிக்கலாம். ரேடியோவைச் சாப்பாட்டு அறைக்குத் துரத்திவிட்டு அவளுடைய நாற்காலியில் தானே உட்கார்ந்தான். மேனேஜர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து மொபைலில் சர்வீஸ் எண்ணுக்குப் போட வேண்டும் என்று ஏற்பாடு. வெகு நேரம் போன் சும்மா கிடந்தபின் மேனேஜர் மொபைலைக் காதில் வைத்தார். மேதை போனைப் பார்த்தான். அது கம்மென்று கிடந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் கையை ஆட்டினார், பல்லைக் கடித்தார், எடுய்யா எடுய்யா என்று வாயசைத்தார்.

மேதை ரிசீவரை எடுத்து, பழக்க தோஷத்தில், தன் மொபைலுக்குப் போட்டான். அடித்தது. வைத்ததும் மேனேஜர் மறுபடி போட்டார். இப்போது மேசை போன் கணீரென்று அடித்தது.

தன் அறைக்கு ஓடிப் புதுப் பெட்டியின் செட்டிங்கைத் திறந்தான். சும்மா கிடக்கும் போனுக்கு வெளியிலிருந்து வரும் வழியைப் பெட்டி சீக்கிரமே சாத்திவிடுகிறது. உள்ளிருந்து ஒரு அழைப்பு போனால் வழி திரும்பத் திறக்கிறது. பேசிக்கொண்டே இருக்கிறவன் போன் சாகாது. அழைப்புக்காகக் காத்திருக்கிறவள் போன்தான் சாகும். போட்டவன் காதில் மட்டும் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அவன் ஒவ்வொரு முறையும் வந்து செய்த சோதனை கோளாறைத் தேடவில்லை, சற்று நேரத்துக்கு மறைத்துவிட்டுப் போயிருக்கிறது. எவ்வளவு நேரத்தில் சாத்த வேண்டும் என்ற அந்த ஒரே எண்ணைப் பழைய பெட்டியில் யாரோ தாராளமாக வைத்திருந்தார்கள். புதியதில் பெட்டியைச் செய்த கம்பெனி வைத்து அனுப்பியது அப்படியே இருந்தது. அவன் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை.

எண்ணை மாற்றினான். காபி ஆறும் நேரம்கூட ஆகவில்லை. சரியாகிவிட்டது.

மேனேஜர் வாசலில் வந்து நின்றார். “என்னய்யா அது?”

“நேத்து போன் லைன் குடுக்கற கம்பெனிக்காரங்க ஏதோ மாத்தியிருக்காங்க சார். இங்க சரி பண்ணிட்டேன்.”

“அப்ப அந்தப் பொண்ணு இருந்தப்போ?”

மேதைக்கு இங்கே ஒரு நிமிடம் கிடைத்தது. நிஜமாகவே கிடைத்தது. அந்த ஒரு நிமிடத்தில் அவன் நினைத்துப் பார்த்தது விற்பனைப் பிரிவு எப்படிச் சிரிக்கும் என்பதை மட்டும்தான்.

“அப்ப போன் நல்லாத்தான் சார் இருந்தது.”

“உன்ன மாதிரி ஆள் இருக்கறதாலதான் இந்த ஆபீஸ் ஓடுது” என்று மேனேஜர் தோளைத் தட்டினார். அவன் அதையும் கூசாமல் வாங்கிக்கொண்டான்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது கொழுந்தியாள் ஹாலில் இருந்தாள். பக்கத்தில் இரண்டு பைகள், உருட்டிக் கட்டிய பாய். குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அறையைக் காலி செய்துவிட்டாளாம். அண்ணன் வண்டியோடு வருவதற்காகக் காத்திருந்தாள். மனைவி தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அவனைப் பார்த்ததும் கொழுந்தியாள் எழுந்திருக்கப் பார்த்தாள். குழந்தை சிணுங்கியதால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். எனக்கப்புறம் வந்த பொண்ணுக்குப் போன் ஒழுங்கா அடிச்சுதாமே, அக்கா சொன்னா. ராத்திரி சரியாத் தூங்காம வந்து உக்காருவேன். அதுல கண்ணு சொக்கியிருக்கும் போல. மணி அடிச்சது எனக்குக் கேக்கல. அது தெரியாம உங்க போனக் குத்தம் சொல்லி, உங்கள எத்தன தடவ அலைய விட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க.”

மனைவி நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

மேதை சட்டைப் பையிலிருந்து மொபைலை எடுத்து மேசைமேல் வைத்தான்.

“பரவாயில்ல. அடுத்த வேலையிலயாவது கவனமா இரு” என்றான்.

“சரி மாமா” என்றாள் அவள்.