அவள் இன்றைக்குத்தான் சொன்னாள்

"தண்ணித் தொட்டிக்கு எதிர் வீடுங்க" என்று சவ வண்டிக்காரனுக்குப் போனில் அவள் மூன்றாவது முறையாக வழி சொல்லிக்கொண்டிருந்தபோது, மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவளுடைய அம்மா விடிகாலையில் போய்விட்டாள். இறப்புச் சான்றிதழில் டாக்டர் வயதைத் தப்பாக எழுதித் தொலைத்திருந்தார். வருகிறவர்கள் எல்லாம் "எப்ப எடுக்கிறீங்க?" என்று கேட்டு உயிரை வாங்கினார்கள். அண்ணனோ எதைக் கேட்டாலும் மேனேஜரைக் கேள் என்றான். மேனேஜர் என்பது சித்தப்பா மகனுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர். நாற்காலியிலிருந்து ஐஸ் பெட்டி வரை ஓடியாடிப் பார்ப்பவன் அவன்தான்.

"அம்மா, நான் மேனேஜர் மாமா வண்டியில வர மாட்டேன்."

'இப்பப் படுத்தாதே' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. குழந்தையின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள். உள்ளறைக்கு அழைத்துப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். எட்டு வயதுக்காரி சுவரைப் பார்த்தபடி சொன்னாள். போன ஞாயிற்றுக்கிழமை வண்டியில் அவன் தொட்டதை. யாரிடமும் சொல்லக் கூடாது என்றதை.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். குழந்தை இப்படிச் சொன்னால் உங்கள் முகம் மாறக் கூடாது, துருவிக் கேட்கக் கூடாது என்று ஒரு அம்மாள் நீட்டி முழக்கியபோது இவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"நீ சொல்றத நான் நம்புறேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல."

"யார்கிட்டயும் சொல்லிட மாட்டியே?"

"சொல்லணும்டா. நமக்கு உதவி பண்றவங்ககிட்ட மட்டும்."

ஒன்பது வயதில் அவளும் டியூஷன் வாத்தியாரைப் பற்றி ஒன்று சொல்லப் போனாள். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே வாயை மூடச் சொன்னாள். அதற்காகச் சண்டை போடக்கூட இனி ஆள் இல்லை. எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அண்ணனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவனிடம் எதுவும் கேட்காதே, வெளியே அனுப்பிவிடு என்றாள்.

"இன்னைக்கேவா? எல்லாத்தையும் அவன்தானே பார்க்கிறான்."

"அவ இன்னைக்குத்தானே சொல்லியிருக்கா."

அண்ணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றான். பிறகு போனான். சற்று நேரத்தில் மேனேஜர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு தெருமுனை தாண்டுவது சன்னலில் தெரிந்தது.

குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். காத்திருக்கச் சொல்லி ஏதோ இசையை ஓட விட்டார்கள். கடைசியில் பேசிய பெண், நான்கு மணிக்கு நேரில் வருவதாகச் சொன்னாள்.

கூடத்தில் அம்மாவைத் தூக்கும் அரவம் கேட்டது. முகம் பார்க்க வா என்று யாரோ கூப்பிட்டார்கள்.

"நீங்க கிளம்புங்க" என்று உள்ளறையிலிருந்தே சொன்னாள்.

வாசலில் சவ வண்டியின் கதவு சாத்தப்பட்டது.

"நீ போகலையாம்மா?"

"இல்ல. காலைக் காட்டு."

கிளம்புவதற்காகக் குழந்தை மாட்டியிருந்த ஷூவின் கயிறு சிக்கு முடிச்சாகியிருந்தது. நகத்துக்கு அடங்கவில்லை. குனிந்து பல்லால் கடித்து அவிழ்க்கத் தொடங்கினாள்.