மைனாக்களுக்குத் தெரிந்த தமிழ்

டாக்டர் கோ காணொளியை நிறுத்திவிட்டுத் திரையில் ஒரு மைனாவைச் சுட்டிக்காட்டினார். காலில் சிவப்பு வளையம் போட்ட மைனா. கிளையை விட்டுத் தீனித் தட்டை நோக்கிப் பாதி வழி வந்திருந்தது. அதிலென்ன தப்பு என்றால், தட்டுக்கு எதிரே நின்ற மாணவி யும்னா இன்னும் திரும்பவே இல்லை. அசையாமல் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மனிதர் பார்க்கிறாரா இல்லையா என்பது மைனாவுக்குத் தெரியுமா? இதுதான் ஆராய்ச்சி. தேக்கா உணவங்காடியில் பரோட்டாத் தட்டை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் வாங்கத் திரும்பிய எவரைக் கேட்டாலும், பேஷாகத் தெரியும் என்பார்கள். ஆனால் ஊர்வாய் சொல்வதெல்லாம் ஆய்வுக்கட்டுரை ஆகுமா? அதனால் முறைப்படி அனுமதி வாங்கிப் பிடித்த ஆறு மைனாக்களைப் பல்கலைக்கழகத்தின் பின்புறம் பெரிய கூண்டொன்றில் வைத்திருந்தார்கள். யும்னாவும் வெய் லிங் என்ற சக மாணவியும் மாறி மாறி உள்ளே போவார்கள். தட்டை ஒரு நிமிடம் பார்த்தபடி நிற்கவேண்டும், பிறகு முதுகைக் காட்டிக் கதவுவரை நடக்கவேண்டும். எட்டு மாதமாக இதே பிழைப்பு.

வெய் லிங் திரும்பிய பிறகுதான் மைனாக்கள் இறங்கின. யும்னா என்றால் மட்டும் இரண்டு நொடி முன்பே இறங்கின.

உனக்கே தெரியாமல் நீ ஏதோ சைகை காட்டுகிறாய் என்றார் டாக்டர் கோ. வெள்ளிக்கிழமைக்குள் அது என்னவென்று தெரியாவிட்டால் உன் பதிவுகள் எல்லாவற்றையும் நீக்கவேண்டியதுதான். மனுஷர் குரலை உயர்த்தக்கூட இல்லை. அழகான ஆங்கிலத்தில், அமைதியாக, தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார். பதிவுகள் போனால் அவளுடைய முதுகலை ஆய்வேடும் போன மாதிரிதான்.

யும்னா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, முதுகுப்பக்கக் காமிராவின் பதிவுகளில் தன்னையே பார்த்தாள். தோள் அசைகிறதா? கழுத்து? கால் கட்டைவிரல்? கூண்டில் மின்விசிறி இரைச்சல் என்பதால் ஆய்வகத்தில் எல்லோரும் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். அவளும் அப்படியே பார்த்தாள். மூன்று நாளில் தன் முதுகே அவளுக்குப் பிடிக்காமல் போனதுதான் மிச்சம்.

வியாழக்கிழமை நண்பகல். ஃபேரர் பார்க் வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் மடிக்கணினி. கை பட்டு ஒலி திறந்துகொண்டதை அவள் கவனிக்கவில்லை. விசிறி இரைச்சலுக்கு நடுவே திரைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "வர்றேன்."

"சரிம்மா. மழ வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துக்கிட்டியா?" என்றார் அடுக்களையிலிருந்து உம்மா, ஹலீமா.

யும்னாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த பதிவு ஓடியது. "வர்றேன்."

"இன்னும் கெளம்பலையா நீ? எம்ஆர்டி ரயில்ல கூட்டம் வந்துரும் லா."

மூன்றாவதற்கு உம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். "எத்தன தடவடி வர்றேன் வர்றேன்ம்ப? போய்ட்டு வாயேன்!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அந்தக் கதைதான். எட்டு மாதமாக ஒவ்வொரு முறையும், திரும்புவதற்கு முன், அவள் மைனாக்களிடம் விடைபெற்றிருக்கிறாள்! பாலர் பள்ளிக்குக் கிளம்பிய முதல் நாள் "போறேன்" என்றவளின் வாயை உம்மா கையால் பொத்தினார். போறேன்னு சொல்லக் கூடாது, வர்றேன்னு சொல்லணும். அன்று படிந்தது, கூண்டுக்குள்ளும் தானாக வந்திருக்கிறது. யும்னா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். உம்மா பயந்துபோய் அடுப்பை அணைத்தார்.

மறுநாள் இதை டாக்டர் கோவுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "வருகிறேன்" என்று சொல்லிவிட்டா போவீர்கள்? ஆமாம் சார். போவதற்குத்தான் வருகிறேனா? ஆமாம் சார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பழைய கேள்விக்கு உன் பதிவுகள் உதவாது, நீக்கித்தான் ஆகவேண்டும் என்றார். யும்னா மடிக்கணினியை மூடப் போனாள். உடனே, ஆனால் அகராதியைப் பார்த்தால் எனக்கே தப்பாகப் புரிந்திருக்கும், உன் மைனாக்கள் சரியாகப் புரிந்துகொண்டிருக்கின்றன, வா பார்ப்போம் என்று எழுந்தார்.

தட்டைப் பார்த்தபடி, அசையாமல் நின்று வெவ்வேறு சொற்களைச் சொல்லிப் பார்க்கவேண்டும். "போறேன்" என்பதும் பட்டியலில் இருந்தது. அவளுக்கு நாக்கு எழவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டு ஒருவழியாகச் சொன்னாள். மைனாக்கள் இறகு கோதிக்கொண்டிருந்தன. "வர்றேன்" என்றாள். ஆறில் நான்கு இறங்கின.

ஆனால் அவை சொல்லை அறிந்தனவா, அவள் குரலையா? வெய் லிங் சொல்லிப் பார்த்தாள். அது தமிழுமில்லை, சீனமுமில்லை, மைனாக்கள் சட்டை செய்யவில்லை. பழக்கமில்லாத ஒரு குரல் வேண்டும், சொல்லும் சரியாக வரவேண்டும். இறங்கினால் யும்னாவுக்குப் புதிய ஆய்வேடு. இறங்காவிட்டால் எட்டு மாதமும் வெறும் வாய்ப்பழக்கம்.

செவ்வாய்க்கிழமை உம்மா நல்ல சேலை உடுத்தி, கைப்பையோடு கூண்டுக்குள் நின்றார்.

"நிக்கிறவ எதுக்குடி வர்றேன்னு சொல்லணும்? பச்சப் பொய்யில்ல?"

"ஒரே ஒரு தடவ உம்மா. தட்டையே பாத்துக்கிட்டிருங்க. கால் மட்டும் நகரவே கூடாது."

யும்னா வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கையிலிருந்த நேரக்கணிப்பானை அழுத்தினாள். ஒரு நிமிடம் ஆனது.

"வர்றேன்ப்பா," என்றார் உம்மா.

அந்த 'ப்பா' பட்டியலில் இல்லை. யும்னா கண்களை இறுக மூடித் திறந்தாள்.

சிவப்பு வளையக்காரி கோதுவதை நிறுத்தினாள். ஒரு கண்ணால் உம்மாவைப் பார்த்தாள், தலையைத் திருப்பி மறு கண்ணால் பார்த்தாள். பிறகு கிளையை விட்டு ஒரே தாவில் தரைக்கு வந்து, தட்டுக்கு ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டாள். உம்மாவும் அசையவில்லை. விடைபெற்ற பிறகும் போகாத அந்த அம்மாளை மைனா பார்க்க, மைனாவை உம்மா பார்க்க, இரண்டு பேரும் மற்றவர் முதலில் நகரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.